நாற்பத்தொரு நிமிட மணி

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். பல்லெல்லாம் கொட்டிவிட்டது, வாயில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதன்மேல் சத்தியம்.

சட்டசபையில் வாக்கெடுப்பு மணி அடிப்பது என் வேலை. பொத்தானை எட்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுத்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே நிற்கும் உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது.

அன்று வந்தது கஞ்சா மசோதா. நிறைவேறினால் செடி வளர்த்து மாட்டியவர்கள் அத்தனை பேருக்கும் விடுதலை. என் வீட்டுக்காரியும் அதில் சேர்த்தி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு செடி உண்டு. மூட்டுவலிக்காக இவள் பெயிண்ட் டப்பாவில் வைத்தது மட்டும் கைராசியில் மாடியைத் தாண்டி வளர்ந்து, போலீஸ் வேனுக்கே நிழல் கொடுத்தது. தண்டனை நான்கு வருடம்.

முந்தின நாள் சிறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள்.

"என்னய்யா, அந்த மசோதா எப்பத்தான் வரும்?"

"நாளைக்கு."

"நீ சொன்ன நாளைக்கெல்லாம் சேர்த்தா என் தண்டனையே முடிஞ்சிருக்கும். கட்டில்ல என் பக்கம் அழுக்குத் துணியக் குவிச்சு வச்சிருப்பியே?"

"இல்ல. காலியாத்தான் கெடக்கு."



எதிர்த்துப் பேசிய உறுப்பினர், கஞ்சா குடும்பத்தைக் கெடுக்கும் என்று இரண்டு மணி நேரம் முழங்கினார். அவர் கோட்டுப் பையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, எல்லார் பையிலிருந்தும் வந்தது. நான் மணியடித்தபோது ஆதரவு உறுப்பினர்கள் அறுபது பேர் பின்தோட்டத்துப் புல்லில் மல்லாந்து மேகத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு நிமிடம் ஆயிற்று. நான் விரலை எடுக்கவில்லை. இருபதாவது நிமிடம் தீயணைப்பு வண்டி வந்தது. முப்பதாவது நிமிடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள்.

"என்னப்பா, இன்னுமா எட்டு நிமிஷம் ஆகல?" என்றார் சபாநாயகர்.

"என் கடிகாரத்துல ஆகலைங்க."

"அதுல முள்ளே இல்லையேப்பா."

"அதனாலதாங்க ஆகல."

நாற்பத்தோராவது நிமிடம் அறுபது பேரும் முதுகில் புல்லோடு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி மாதிரி உள்ளே வந்தார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது.

சாயங்காலமே வந்துவிட்டாள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, "வீடாய்யா இது?" என்று திட்டிக்கொண்டே படுத்தவள், அடுத்த நிமிடம் குறட்டை விட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான். தட்டட்டும் என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மசோதா இன்னும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. கட்டிலில் அவள் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது, என் நாக்கு அழுகினால் அழுகட்டும்.