தூக்கும்போது சொல்வது

"ஒன்னு, ரெண்டு…" மைத்துனன் மூன்று சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிவிட்டார். லிப்ட்காரரின் இடது பாதம் சக்கர நாற்காலியின் கால்பலகையில் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கமாகச் சரிய, வாசலில் நின்ற வேன் டிரைவர் ஓடிவந்து தோளைப் பிடித்தார். மூன்று பேருமாக அவரை மறுபடி நாற்காலியிலேயே போட்டார்கள். உட்கார வைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

"வேண்டாம் மாமா. இங்கேருந்தே பாத்துக்கங்க" என்றான் மைத்துனன், மூச்சு வாங்க.

இங்கிருந்து பார்த்தால் அவருக்கு மனைவியின் நெற்றியும் மேலே போர்த்திய வெள்ளைத் துணியும்தான் தெரிந்தன. முன்னறைத் தரையில் மெத்தை விரித்து அவளைக் கிடத்தியிருந்தார்கள். குனிந்தாலும் கை எட்டாது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத உடம்பு, குப்புற விழுந்துவிடும். இன்னும் சற்று நேரத்தில் அவளை வேனில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அவளைத் தொட வழியே இல்லை.

"ஒரே ஒரு தடவை கையைப் பிடிச்சுக்கறேன். கீழே இறக்குங்க."

"விழுந்து வச்சீங்கன்னா? அக்கா இருந்திருந்தா என் தோலை உரிச்சிருப்பா."

அது உண்மைதான். உரித்திருப்பாள்.

ஒரு காலத்தில் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர் அவர். லிப்ட் பழுது பார்க்கும் வேலை. ஒரு மதியம் கால் தவறி லிப்ட் குழிக்குள் விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. லிப்ட்காரர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. குழிக்குள் கிடந்தபோது கடவுளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. வந்ததென்னவோ தீயணைப்பு வண்டிதான். கடவுளோடு பேசுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, மூன்று எண்ணித் தூக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தார்கள். அது இவர்களுக்கு ஒத்துவரவில்லை. அவள் தையல்காரி. மெஷினில் கால் வைத்ததும் துணி ஓடியாக வேண்டும். இரண்டிலேயே இழுத்துவிடுவாள். அவரோ எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கையை ஊன்றுவார். வீட்டுக்கு வந்த முதல் வாரமே இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள், அவள் அடியில், அவர் மேலே. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எண்ணிக்கை நமக்குச் சரிப்படலைங்க. சாமியைக் கும்பிட்டுக்கிட்டே தூக்கலாம்."

அன்றிலிருந்து அதுதான் பழக்கம். அவள் அவருடைய அக்குளுக்கடியில் கை கொடுத்து, "எங்களைப் படைச்சவனே, இன்னைக்கும்" என்பாள். அவர் கைகளை ஊன்றி, "எங்ககூட இரு" என்று எழும்புவார். பாதி அவளுடையது, பாதி அவருடையது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

"நம்பித்தானே சொல்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். கால் நுழையாத பேன்ட்டின் பக்கத் தையலைப் பிரித்து, அவருக்காக ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்பாமயா சொல்வேன்?"

கூசாமல் சொன்ன பொய். அவளுடைய நம்பிக்கையில்தான் வீடு ஓடுகிறது, அதில் நாம் ஓட்டை போடக்கூடாது என்று நினைத்தார்.

நேற்றுக் காலை அவர் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தார். முன்னறையில் மெஷின் சத்தம் நின்றது. மெஷினில் அடுத்த துணியை வைக்கிறாள் என்று இருந்துவிட்டார். பிறகு கூப்பிட்டார். அப்புறம் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது அவள் மெஷின் மேலேயே தலை சாய்த்திருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். அதைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை.

மகள் வந்து நாற்காலிக்கு எதிரே குத்துக்காலிட்டாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, சொன்னா கேளுங்க."

"இவங்க எண்ணினா எனக்குக் கை எழும்பாதும்மா. அம்மா சொல்றதைச் சொல்லணும். அவ நம்பிக்கைதான் என்னை இத்தனை நாள் தூக்குச்சு."

மகள் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள்.

"அம்மாவுக்கு நம்பிக்கை எப்பவோ போயிடுச்சுப்பா. உங்களை ஸ்ட்ரெச்சர்ல பாத்த அன்னைக்கே விட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னாங்க."

"அப்புறம் ஏன் தினமும் சொன்னா?"

"உங்களுக்காகத்தான். 'அந்த மனுஷன் உருகிச் சொல்றாரு, நான் நிறுத்தினா உடைஞ்சு போயிடுவாரு'ன்னாங்க."

லிப்ட்காரர் சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரிப்பா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கள்ளி, என்னையே ஏமாற்றிவிட்டாயே என்று நினைத்தார். அப்போதுதான், நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. சத்தமாக அழுதார். யாரும் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் மகள் எழுந்தாள். கால்பலகைகளை மடக்கிவிட்டாள். மைத்துனனைக் கால் பக்கமும் மற்ற இருவரை இரண்டு பக்கமும் நிறுத்தினாள். அம்மா நிற்கும் இடத்தில் போய் நின்று, அக்குளுக்கடியில் கை கொடுத்தாள்.

"எங்களைப் படைச்சவனே, இன்னைக்கும்…"

"எங்ககூட இரு."

அலுங்காமல் இறங்கினார். சரிந்துவிடாமல் மகள் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

அவர் வெள்ளைத் துணிக்குள் கையை விட்டு மனைவியின் வலது கையை எடுத்தார். சில்லென்றிருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல் நுனியைத் தடவினார். நாற்காலியின் சக்கரம் பக்கத்தில் இருந்தது. அதன் கம்பியில் நீல நூல் ஒன்று சுற்றியிருந்தது. அவள் நேற்றுத் தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடைத் துணியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

டிரைவர் மைத்துனனின் காதில் ஏதோ சொன்னார்.

"மாமா, நேரமாச்சு."

அவர் தலையாட்டினார். நான்கு பேரும் அதே இடத்தில் நின்று கை கொடுத்தார்கள். மகள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"எங்களைப் படைச்சவனே, இன்னைக்கும்" என்று அவரே ஆரம்பித்தார். அவளுடைய பாதியை அவர் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எங்ககூட இரு."

தூக்கப் பார்த்தார்கள். அவர் எழவில்லை. ஊன்ற வேண்டிய கை இன்னும் அவள் கையைப் பிடித்திருந்தது.

மகள்தான் முதலில் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் மெல்ல உட்கார்ந்தாள்.

"பரவாயில்லப்பா. கொஞ்சம் கழிச்சு மறுபடி சொல்லலாம்."