பெட்டிக்குத் தைத்த சட்டை

ஏற்றுமதி லிஸ்ட்டில் இருநூற்றுப் பதினான்காவது அட்டைப்பெட்டியின் எடையைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. காலையிலிருந்து இது மூன்றாவது முறை. எப்சி விரல்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றுகிறது, குழல்விளக்கு எரிகிறது, இந்தச் சனியன் மட்டும் செத்துக் கிடக்கிறது. உடனே அழுத்தினால் உயிர் வராது. கால்மணி நேரம் துரை ஓய்வெடுத்தாக வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்கு மேலே மேனேஜர் ரஃபி அகமதுவின் தலை தெரிந்தது.

"இன்னா எப்சி, மறுபடியும் நின்னுடுச்சா?"

"ஆமா சார்."

"நீ இன்னாதாம்மா பண்ற அத்த?"

அதைத்தான் அவளும் ஆறு வாரமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனியில் எப்சிக்கு எட்டு வருட சர்வீஸ். நான்கு வருடம் தையல், அப்புறம் நான்கு வருடம் அடிப்பாகம் ஒட்டுகிற மேசை. பசை வாடை அவளுக்கு ஆகவே ஆகாது. மத்தியானத்துக்குள் மண்டை பிளக்கும், சோற்றைப் பார்த்தாலே குமட்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் கிளாசுக்கு ஓடி, இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் இந்த நாற்காலியைப் பிடித்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் சென்னை ஆபீசில் உழைத்துக் களைத்து இங்கே தள்ளப்பட்டது. பக்கத்து ஹாலில் தோலைத் தேய்க்கிற தூசி மாவாகப் பறந்து வந்து அதன்மேல் படியும். எப்சிக்கு மனசு கேட்கவில்லை. மீந்த லைனிங் தோலைக் கேட்டு வாங்கி, பழைய தையல் மெஷினிலேயே உட்கார்ந்து, பெட்டிக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். ஸ்விட்சுக்கு ஒரு துளை, பிளாப்பிக்கு ஒரு பிளவு, பின்னால் வயர்களுக்கு அளவெடுத்த ஓட்டைகள், விளிம்பெல்லாம் இரட்டைத் தையல். ஒரு சுருக்கம் கிடையாது. ரஃபி அகமது ஷூ வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து அதைக் காட்டினார். எப்சிக்குப் பெருமை பிடிபடவில்லை.

மார்ச்சில் வெயில் ஏறியது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது.

வாணியம்பாடியிலிருந்து மெக்கானிக் அப்துல் வஹீத் மூன்று முறை வந்தார். வந்ததும் பெட்டியின் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுவார். மூடியைத் திறப்பார், ஊதுவார், மூடுவார். இரண்டு மணி நேரம் ஓட விடுவார். அவர் இருக்கும்வரை அது உத்தமபுத்திரன்.

"நல்லாதாம்மா கீது. கரண்ட் ஜாஸ்தி கம்மியா வருதோ இன்னாவோ."

அவர் பைக் கிளம்பியதும் எப்சி தூசி படியுமே என்று சட்டையை மாட்டுவாள். அரைமணியில் திரை கறுக்கும். கேட்பவர்கள் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை ரஃபி அகமது கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் கைக்கும் அதுக்கும் ஒத்து வரல. திங்கக்கிழம சங்கீதான்னு ஒரு பொண்ணு வருது. நீ பழையபடி ஒட்டுற மேசைக்குப் போய்டு."

எப்சிக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. சீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சட்டையை உருவிப் பைக்குள் திணித்தாள். என் கையால் தைத்தது, இவர்களுக்கு எதற்கு? பிறகு மீதி லிஸ்ட்டை அடிக்க உட்கார்ந்தாள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. திரை கறுக்கவில்லை. மூன்று மணிக்கு நானூறு பெட்டியும் முடிந்து பிரிண்டும் வந்துவிட்டது.

எப்சி பையைத் திறந்தாள். சட்டையை எடுத்து மறுபடி மாட்டினாள். இருபத்திரண்டு நிமிடம். கறுத்தது. உள்ளே கையை விட்டாள். இட்லிப் பானையைத் திறந்த சூடு. பின்பக்கம் காற்று போக இருந்த அத்தனை பொத்தல்களையும் அவள் தோல், அவள் இரட்டைத் தையல், கச்சிதமாக அடைத்திருந்தது. கொஞ்சம் கோணலாகத் தைத்திருந்தாலாவது பிழைத்திருப்பாள்.

உடனே ரஃபி அகமதுவின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"போவும்போது தோல் மேல பழி போட்றியா? வஹீத் பாய்க்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிச்சா? போம்மா."

திங்கட்கிழமை சங்கீதா வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் புது அடையாள அட்டை.

"அக்கா, கவர் போட்டுதான் வெக்கணும்னு சார் சொன்னாரு. எங்க கீது?"

பை எப்சியின் தோளில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். அரைமணி போதும். இந்தப் பெண்ணும் கைராசி இல்லாதவள் ஆகிவிடுவாள், நாற்காலி காலியாகும். இரண்டு நாளாக இதை எண்ணித்தான் எப்சி தூங்காமல் புரண்டிருந்தாள்.

"போடாத. போட்டா காத்து இல்லாம சூடாயி நின்னுடும். சார் கேட்டா நான் எடுத்துட்டுப் போய்ட்டேன்னு சொல்லு."

சங்கீதா புரியாமல் தலையாட்டினாள்.

பதினோரு மணிக்கெல்லாம் எப்சிக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. பிரஷ்ஷைப் பசையில் தோய்த்துக்கொண்டிருந்தபோது ரஃபி அகமது ஒட்டுகிற மேசை வரைக்கும் நடந்து வந்தார்.

"பாத்தியா எப்சி? காலைலேர்ந்து ஒரு வாட்டி கூட நிக்கல. நான் அப்பவே சொல்லல, கை மாறினா சரியாய்டும்னு?"

மேசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எப்சி கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். சங்கீதா அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரப்போகிறவள் போல நாற்காலியின் நுனியில். ரஃபி அகமது திரும்பி அவளுக்குக் கையசைத்தார். சங்கீதா மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டு, அடிக்கத் தொடங்கினாள்.