எட்மோனுக்கு விழுந்த அடிகள்

1976 மார்ச் மாதத்திலிருந்து, கம்போடிய எல்லையை ஒட்டிய காட்டு முகாமில் எட்மோனுக்கு விழுந்த அடிகளையெல்லாம், சைகோனில் அவன் வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிள் வாங்கிக்கொண்டது. முதல் அடியில் முன் மட்கார்டு நசுங்கியது. இரண்டாவதில் மணியின் மூடி தெறித்து, அரிசி களைந்துகொண்டிருந்த அவன் மனைவி மார்கரித்தின் காலடிக்கு உருண்டு வந்தது. வாசலில் யாரும் இல்லை. மூன்றாவது அடி விழுந்தபோது அவள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் தொடாமலே சட்டத்தில் துப்பாக்கிக் கட்டை அகலத்துக்கு ஒரு குழி விழுந்தது. பின்சக்கரம் தானாக ஒரு சுற்று சுற்றி நின்றது.

எட்மோன் காரைக்கால்காரர் ஒருவரின் மகன், சைகோனிலேயே பிறந்தவன். பழைய தென்வியட்நாம் அரசாங்கத்தின் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவு லெப்டினென்ட். ஆட்சி மாறிய 1975இல், ஜூன் மாதம், மறுகல்வி என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு வேண்டிய துணிமணியோடு வரச் சொன்னார்கள், போனான். சைக்கிள் அவன் அப்பா வாங்கியது, பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. அதன் பின்சக்கரத்தில் மூன்று பல்சக்கரங்கள் இருந்தன. சங்கிலியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கருவியை அந்த வீட்டில் பிரெஞ்சுப் பெயராலேயே தெராயர் என்றார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் வேறு எந்தச் சைக்கிளிலும் தெராயர் கிடையாது.

மாதம் ஒருமுறை மார்கரித் அதைத் தள்ளிக்கொண்டு பென் தான் என்ற சந்தைக்குப் போனாள். அங்கே நடைபாதையில் ஹாஜி முகம்மது சைக்கிள் பழுது பார்த்துவந்தார். அவருக்கும் காரைக்கால்தான்; மார்கரித் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டாள். சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை யாரு தங்கச்சி இப்படிப் போட்டு அடிச்சது?" என்றார்.

"முகாம்ல அடிக்கிறாங்க நானா."

அவர் தலையாட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்துக் குழிகளைத் தட்டிச் சீராக்கினார். முகாமிலிருந்து வந்த ஒரே கடிதத்தில் தன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று எட்மோன் எழுதியிருந்தான். அதை நம்பிய ஒரே கைதி மனைவி மார்கரித்தான்.

ஒவ்வோர் அடிக்கும் சக்கரம் சுற்றியதால் ஒன்றரை ஆண்டில் தெராயர் தேய்ந்துபோனது. அதன் வில் தளர்ந்தது, குட்டிச் சக்கரங்களின் பற்கள் முள்முள்ளாகின, சங்கிலி நழுவியது. 1977 மழைக்காலத்தில் அடிகள் தடம் மாறித் தெருவில் விழத் தொடங்கின. நூடுல்ஸ் விற்ற ஹோவா, கரண்டியைக் கையில் பிடித்தபடியே தாடை உடைந்து விழுந்தாள். பூக்காரியின் காறையெலும்பு முறிந்தது. சிக்லோ என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிய லோய்க்கு இடது கண் போயிற்று. பயணி இறங்கி உதவுவதற்குள் அவருக்கும் விலாவில் ஒன்று விழுந்தது. ஐந்து வாரத்தில் ஒன்பது பேருக்குக் காயம். எல்லாக் காயத்துக்கும் முன்னால் மார்கரித்தின் வீட்டில் சங்கிலி நழுவும் சத்தம் கேட்டதைத் தெரு கவனித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து அவள் திரும்பியபோது, கடப்பாரையோடு நின்றார்கள். தாடையைத் துணியால் கட்டியிருந்த ஹோவா பல்லைக் கடித்தபடி பேசினாள். "அதைக் கால்வாயில போடு. உன் புருஷன் அடி உன் புருஷனுக்கே போகட்டும்." மார்கரித் உள்ளே ஓடி மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு சைக்கிளுக்கு முன்னால் நின்றாள். லோய் ஹேண்டில்பாரில் கை வைத்தான். அவள் வெட்டினாள். அவனுடைய இரண்டு விரல்கள் வாசற்படியில் விழுந்தன. அவன் அண்ணன் கடப்பாரையை ஓங்கினான். யாரோ சொல்லி ஓடிவந்த ஹாஜி முகம்மது குறுக்கே புகுந்து அதைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் குடுங்க. சரி பண்ணலைன்னா நானே இதைத் துண்டு துண்டா அறுத்துத் தர்றேன்," என்று வியட்நாமிய மொழியில் கெஞ்சினார்.

பிரான்சிலிருந்து உதிரிப் பாகம் வருவது நின்று இரண்டு வருடமாகியிருந்தது. செக்கோஸ்லோவாக்கியப் பொறியாளர் ஒருவர் விட்டுப்போன சைக்கிளிலிருந்து ஒரு தெராயரைக் கழற்றி வந்து, பிடிமானத்தை அராவி, அவர் பொருத்தினார். சட்டம் இனி ஓர் அடிகூடத் தாங்காது என்று தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு பல்சக்கரமாக வைத்து, முகாமுக்கு அரிசி கொண்டுபோகும் லாரிக்காரரிடம் விசாரித்துப் பார்த்தார். பெரியதில் வைத்தால் அடி எட்மோன் மேலேயே விழும். நடுவில் உள்ளதில் வைத்தால் அடித்தவனுக்கே திரும்பும். சின்னதில் வைத்தால் மார்கரித்தின் மேல் விழும். சோதித்த அன்று அவளுக்கு ஒரு பல் போயிற்று.

"நடுவுல வைங்க நானா," என்றாள். சங்கிலி எதுவரை நகரலாம் என்று நிறுத்தும் திருகுகளை அவர் முடுக்கினார்.

அடுத்த மூன்று மாதம் சைக்கிளில் ஒரு கீறல் இல்லை, தெருவில் ஒரு காயம் இல்லை. முகாமில் ஒரு காவலனின் மூக்கு உடைந்தது, இன்னொருவன் ரத்தமாக வாந்தியெடுத்தான். அதைக் கேள்விப்பட்ட நாளில் மார்கரித் வாத்து வாங்கிச் சமைத்தாள். தான் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் இல்லை.

பிறகு, விடுதலையான கைதி ஒருவர் வந்து சொன்னார்: காவலர்கள் தடியைத் தொட மறுத்துவிட்டார்கள். அதிகாரி தடியைக் கைதிகளிடம் கொடுத்தான். சைகோனை அடுத்த தூ டுக் என்ற ஊரைச் சேர்ந்த தின் என்ற பள்ளி ஆசிரியர் மாட்டேன் என்றார். அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எட்மோனின் தலையில் ஒரே ஒரு அடி அடித்தார். மண்டை பிளந்து அவர்தான் விழுந்தார்.

மார்கரித் அன்று பகலிலேயே சைக்கிளைச் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சின்னதுல வைங்க."

"தங்கச்சி, அது ஒங்க மேலல்ல விழும்."

"நடுவுல வச்சா இன்னொரு வாத்தியார் சாவாரு. பெரிசுல வச்சா அவரு சாவாரு. வைங்க. வச்சுட்டு அந்தத் திருகோட தலையை அராவி விட்டுடுங்க. நாளைக்கு எம் மனசு மாறும்."

ஹாஜி முகம்மது அழுதுகொண்டே அராவினார். திருகுப்புளி வைக்க இடமில்லாமல் திருகு மழுங்கிப்போனது. வீடு திரும்பும் வழியிலேயே அவள் முதுகில் மூன்று அடி விழுந்தது.

இரண்டரை ஆண்டுகளில் அவளுடைய வலது காது செவிடாகியது, நான்கு பற்கள் போயின, ஒரே கை இரண்டு முறை முறிந்தது. மருத்துவமனைச் சீட்டில் முப்பத்தாறு தடவை 'படியில் விழுந்தார்' என்று எழுதினார்கள். அவள் வீட்டில் படி ஒன்றுதான் இருந்தது. தாடை கோணலாகக் கூடியிருந்த ஹோவா, தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போனாள். லோய் மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

1980இல் எட்மோன் திரும்பி வந்தான். மெலிந்திருந்தான், உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. சோற்றுக்கு முன் உட்கார்ந்து, "நீ ஏன் இப்படி ஆயிட்டே?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் முகாமைப் பற்றிச் சொன்னான். "மத்தவனெல்லாம் ரெண்டு அடியிலே சுருண்டு விழுந்தான். எனக்கு உறைக்கவே இல்லடி. எங்கப்பா உடம்பு எனக்கு."

மார்கரித் எழுந்து வந்து, கையில் இருந்த பலம் முழுவதையும் சேர்த்து அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அவன் முகம் அசையவில்லை. அவளுடைய கன்னத்தில் ஐந்து விரல்களும் சிவந்து எழுந்தன. ஒரு பல் அவன் தட்டில் விழுந்தது. எட்மோன் பல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அதை எடுத்துக் கழுவி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சோறு ஆறும்வரை அப்படியே இருந்தான்.

தெராயரை உடைத்தால் அடிகள் யார்மேல் போகும் என்று தனக்குத் தெரியாது என்று ஹாஜி முகம்மது சொல்லிவிட்டார். அதனால் யாரும் அதைத் தொடவில்லை. எட்மோன் நகம் வெட்டுவதையும் மார்கரித்தே பார்த்துக்கொண்டாள். 1993இல் அவன் ஏணியிலிருந்து விழுந்தபோது, சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த அவளுக்கு இடுப்பு முறிந்தது. மீன்காரி ஆச்சரியப்படவில்லை, எட்மோனுக்கு ஆள் அனுப்பினாள். இப்போதும் அவன் கைத்தடியோடு தெருவைக் கடக்கும்போது, மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டுகிறார்கள்.

"பார்த்து வா," என்கிறார்கள். "மார்கரித் அம்மா குறுக்கே போறாங்க."