உலகம்மாளின் வலது தோள்

கீழப்பூவனத்தில் யாராவது ‘கொஞ்சம் தோள் கொடுங்க’ என்று கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். உலகம்மாள் தன் வலது தோளைக் கொழுந்தன் சுடலைமுத்துவிடம் கொடுத்திருந்தாள். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்களே, அந்த மகராசன் இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்தான். தோள் திரும்பி வந்தபோது துவண்டு கிடந்தது.

“சிமெண்ட்டெல்லாம் சுத்தமா கழுவிட்டேன் மதினி” என்று நீட்டினான், பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

மாட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். கை பாதியிலேயே இறங்கிவிட்டது. குடம் கிடக்கிறது குடம். சென்னையில் மகள் சங்கரிக்கு இது மாசம், மாமியார் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளை பிறந்ததும் சங்கரி நேரே இங்கேதான் வருவாள். பால் குடித்த பிள்ளையை எந்தத் தோளில் போட்டுத் தட்டுவது? இடது தோள் உலகம்மாளுக்குப் பழக்கமில்லை. சங்கரியையே அதில் போட்டதில்லை. இந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் ரோஸ்லின் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்தாள். ஜன்னல் கம்பியில் அதைக் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும்.

“வெடுக்குனு விடக் கூடாதும்மா. இழுத்த மாதிரியே மெதுவா விடணும்.”

உலகம்மாள் இழுத்தாள். தோள் அசையவில்லை. அது எதற்கோ காத்திருந்தது. இதுக்கு என்னதான் வேணும் என்று கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது: சுடலைமுத்து துண்டு போடாமல் தெருவில் இறங்காதவன். கொடியில் கிடந்த துண்டை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டாள். தோள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து துண்டோடுதான் பயிற்சி. மஞ்சள் பட்டை போய்ச் சிவப்பு வந்தது, சிவப்பு போய்ப் பச்சை வந்தது. டீக்கடையைக் கடக்கும்போது மட்டும் தோள் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அதட்டி இழுத்துக்கொண்டு வருவாள். துண்டு கிடப்பதும் நல்லதுதான், பிள்ளை கக்கினால் துடைக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

சங்கரி ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பிள்ளை வீறிட்டது. உலகம்மாள் கையை நீட்டினாள். வாங்கித் துண்டின் மேல் போட்டாள். தோள் தாங்கியது. மெல்லத் தட்டினாள். பேரன் ஒரு ஏப்பம் விட்டுக் கண் அயர்ந்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

முதுகைத் தடவிக் கொடுத்தவளுக்குப் பிள்ளையின் இடது பக்கம் காலியாக இருப்பது தெரிந்தது.

“இவன் தோளு எங்கடி?”

சங்கரி சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் இன்னொரு தோள் இருந்தது.

“வலி பொறுக்காம, யாராவது தோள் கொடுங்கன்னு கத்திட்டேன்மா. இவன் உள்ள இருந்தே நீட்டிட்டான்.”

“எப்ப திருப்பிக் குடுக்கப் போற?”

“பேச வரட்டும்” என்று சங்கரி அதைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். “கேட்டா குடுக்கேன்.”