தலைகீழ் எண்

இந்தக் காலத்தில் எவனும் மனிதன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பட்டாளத்துப் பதிவு அலுவலக எழுத்தரும் கணினியைப் பார்த்துத்தான் பேசினார்.

என் அண்ணன் வயது போதாமல் பொய்ப்பெயர் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவன். என்ன பெயர் சொன்னான் என்று எங்களுக்குத் தெரியாது. சண்டை முடிந்து அவனுடைய பட்டாள எண் தகடு மட்டும், அனுப்பியவர் பெயரில்லாமல், தபாலில் வீட்டுக்கு வந்தது. அவன் என்ன ஆனான் என்று கேட்டுக்கேட்டே எங்கள் அம்மா இன்று படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாள்.

எழுத்தர் தகட்டிலிருந்த 6891ஐத் தட்டினார்.

"பெரியவரே, இந்த ஆள் முகாமை விட்டு ஓடிட்டாருன்னு இருக்கு."

"வீட்டை விட்டு ஓடித்தான்யா அங்க சேர்ந்தான். அங்கேருந்து எங்க ஓடுவான்?"

அவர் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். வட்டத் தகடு, ஓட்டை நடுவில். எது மேல், எது கீழ் என்று தெரியாது. தலைகீழாகப் பிடித்தால் 1689.

"இது வேற ஆளு. ஆத்தைக் கடக்கையில குண்டு பட்டு இறந்திருக்காரு."

"இதுல எது என் அண்ணன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எது வேணும்னு சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

"சந்தையில கத்திரிக்காயா பொறுக்க வந்திருக்கேன்?"

ஓடியவன் என்றால் அம்மாவை மறந்தவன். செத்தவன் என்றால் அவள் காத்துக் கிடந்தது வீண்.

எழுத்தர் இரண்டாவதை அச்சடித்து நீட்டினார். "இதையே சொல்லுங்க. அதான் மரியாதை."

"மரியாதைக்காக ஊரான் பிணத்தை வாங்கிட்டுப் போகவா?"

தாளை மேசையிலேயே விட்டேன். இரண்டில் எவனும் என் அண்ணன் இல்லை என்றுதான் படியிறங்கும்போதும் எனக்குப் பட்டது.