மாயாண்டி கடலில் நீந்திய கதை

சவப்பெட்டி வாசலுக்குள் திரும்பவில்லை. மலர்ச்சாலையிலிருந்து கொண்டுவந்த ஆட்கள் தலைமாட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், கால்மாட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள். லயத்து வீட்டுக் கதவு ஆள் நடந்து வருவதற்காக வைத்ததே தவிர, படுத்தபடி வருவதற்காக வைத்ததல்ல. கடைசியில் ஜெயந்தினியே வாசல் இஸ்தோப்பில் கிடந்த இரண்டு வாங்குப் பலகைகளையும் சேர்த்துப் போட்டாள்.

"இங்கயே வைங்க. அப்பாவுக்கு வெளிய இருக்கத்தான் பிடிக்கும்."

தம்பி கஜேந்திரன் மறுபக்கம் பிடித்துக்கொண்டான். தேயிலைத் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டியே காலத்தைக் கழித்த மாயாண்டி, போகிற வருகிற சனத்துக்கு முகம் தெரிகிற மாதிரி சௌகரியமாகப் படுத்துக்கொண்டார். முந்தின நாள் காலையில், தேத்தண்ணியில் சூடு பத்தவில்லை என்று கோப்பையை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தவர் அவர். அம்மா சுட வைத்துக்கொண்டு வருவதற்குள் மனிதர் சுவரில் சாய்ந்தபடி போய்ச்சேர்ந்துவிட்டார். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

முதலில் வந்தது அடுத்த லயத்து ஒச்சாயி அத்தை. பெட்டியின் மேல் விழுந்து முறைப்படி ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெயந்தினியின் கையைப் பிடித்தாள்.

"அம்புட்டுப் பெரிய கடல்ல நீந்திட்டு வந்த மனுசன், சொவத்துல சாஞ்சா போகணும்?"

ஜெயந்தினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தைக்குத் துக்கத்தில் ஆள் மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் ஒரு சுற்று வந்தபோது அங்கேயும் அதே பேச்சுத்தான். கூடாரத்துக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள் மாயாண்டி கடலில் நீந்தியதைப் பற்றி, கூடவே போய்ப் பார்த்தவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹட்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஜெயந்தினிக்கு வேலை. வாகனம் மோதியது, கடை எரிந்தது, மாடு செத்தது என்று நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதையில் எது நிசம், எது சோடனை என்று பிரித்தெடுக்கிற மேசை அவளுடையது. முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவாள் என்று கந்தோரில் பெயர். அப்படிப்பட்டவளின் அப்பா, தோட்டம் முழுக்க ஒரு முழுப்பொய்யை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஏனென்றால் மாயாண்டி நீந்தவில்லை. அவருக்கு நீச்சலே தெரியாது.

கடலுக்குப் போனது உண்மை. போன ஆகஸ்ட் மாதம், அப்பா, அம்மா, தம்பி, அவள் என்று நான்கு பேரும் பாசிக்குடாவுக்குப் போய் வந்தார்கள். போனதைவிடப் போகிற இடத்தைத் தெரிந்தெடுத்த பாடுதான் பெரும்பாடு. வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் ஜெயந்தினி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக அப்பாவுக்குக் காட்டுவாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போனவரைப்போல ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொல்வார். ஒன்றில் கடலே தெரியவில்லை. இன்னொன்றில் கட்டில் இருக்கிற அழகைப் பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. மூன்றாவதாக அவள் காட்டியது நல்ல இடம், விலையும் தோது. அதில்தான் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சாப்பாடு எப்படி என்றார். அது தனி என்றாள். தேத்தண்ணி? அதுவும் தனி. குடித்ததை, தின்றதை எல்லாம் எழுதி வைத்துக் கடைசியில் பில் கொடுப்பார்கள் என்று விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நான் பொறந்ததுலருந்து தின்னதெல்லாம் ஒருத்தன் எழுதிக்கிட்டேதான் இருந்தான். சம்பளத்துல அரிசிக்குப் புடிச்சான், மாவுக்குப் புடிச்சான், கம்பிளிக்குப் புடிச்சான். போறதே ஒருக்கா. பக்கத்துல எவனும் பேனாவோட நிக்காத எடமாப் பாரு."

அப்படியும் இடம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போகும்போது ஒரே தொகையாகக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு வேண்டியதை வேண்டிய நேரத்தில் தின்னலாம், குடிக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவள் பிடித்த பிடியை விடாமல் தேடிக் கடைசியில் கடலை ஒட்டினாற்போல ஒன்றைக் கண்டுபிடித்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்தார். அதுவே சம்மதம்.

போன இடத்தில் என்ன செய்தார் என்றால், ஒன்றும் செய்யவில்லை. அத்தனை வகைச் சாப்பாட்டில் சோறும் பருப்பும் மீனும் மட்டும் எடுத்தார். சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு, சப்பாத்தோடு, தென்னை மரத்தடியில் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கஜேந்திரன் இழுத்த இழுப்பில் ஒரே ஒருதரம் தண்ணீர்வரை வந்தார். கரண்டைக்கால் நனைந்ததும் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். அவ்வளவுதான் மாயாண்டியின் கடல்.

திரும்பி வரும்போது, வலப்பனை ஏற்றத்தில் வேன் முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்த நேரம், ஜெயந்தினி மனசு பொறுக்காமல் கேட்டாள்.

"எப்புடிப்பா இருந்துச்சு?"

"ம். இருந்துச்சு."

மனிதர் வெளியே மரக்கறிப் பாத்திகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த 'இருந்துச்சு' அவளுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. பிழையான இடத்தைத் தெரிந்தெடுத்துவிட்டேனோ, வேறு எங்காவது கூட்டிப் போயிருந்தால் சிரித்திருப்பாரோ என்று மாதக்கணக்கில் யோசித்திருக்கிறாள். அடுத்தமுறை வரும்போது வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை. பெட்டியைப் பார்க்கிற நேரமெல்லாம் அதுதான் அவளை வதைத்தது.

வெயில் ஏறுகிற நேரத்தில் வட்டகொடையிலிருந்து ஹமீத் முதலாளி வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தார். பிறகு ஜெயந்தினியை ஓரமாகக் கூப்பிட்டு, கடலுக்குப் போய்வந்த அன்று வேன் கடைவாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

இருந்தது. வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று இறங்கிப் போன அப்பா வெகுநேரமாக வரவேயில்லை. களைத்துப்போய் வேனுக்குள் இருந்த எல்லோருக்கும் எரிச்சல்.

"வெத்தில ஒண்டும் வாங்கல்ல மகள். கதிரைய இழுத்துப் போட்டு இருந்தார். 'முதலாளி, அங்க வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு வில, நாட்டுக்காரனுக்கு ஒரு வில. கவுண்டர்ல இருந்த புள்ள என்னய நிமுந்து பாத்திச்சு, ஒரு கேள்வி கேக்கல்ல, நாட்டுக்காரன் எண்டு எழுதிச்சு. நான் ஐடிய எடுத்து வச்சன். வேணாம் ஐயா, உள்ளுக்கு வைங்க எண்டு சொல்லிச்சு' எண்டார். அதயே மூணு தரம் சொன்னார்."

ஜெயந்தினி கவுண்டரில் நின்றபோது பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா அடையாள அட்டையை எடுத்து வைத்ததைப் பார்த்தாள். அவருடைய வழக்கம் அது. எந்த யன்னலுக்கு முன்னால் நின்றாலும் கேட்கும் முன்பே எடுத்து வைத்துவிடுவார். தலை நரைத்த பிறகுதான் அந்த அட்டை அவருக்குக் கிடைத்தது. அதுவரை இந்தத் தோட்டத்திலேயே பிறந்து இந்தத் தோட்டத்திலேயே உழைத்தும், இந்தியாக்காரரும் இல்லை இலங்கைக்காரரும் இல்லை என்று இருந்தவர். அண்ணன்மார் இரண்டு பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் மட்டும் போகமாட்டேன் என்று நின்றார். எந்த நாடு என்று கேட்காத கந்தோர் அவருக்கு அமைந்ததேயில்லை. கடற்கரையில் ஒரு சின்னப் பெண் கேட்காமல் விட்டுவிட்டாள்.

"கடைசியா எழும்பிப் போற நேரம் இன்னொண்டு சொன்னார்" என்றார் ஹமீத் முதலாளி. "'நான் இது சரியில்ல அது சரியில்ல எண்டு தட்டிக்கிட்டே இருந்தன். எம் மகதான் விடாமத் தேடி எடுத்திச்சு. ராசா மாதிரி இருந்துட்டு வந்தன் முதலாளி' எண்டார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே முதலாளி."

"பெத்த பிள்ளைட மொகத்துக்கு நேர சொல்லுவாங்களா மகள்? கண்ணுபடாதா?"

ஜெயந்தினி சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழும்போதே உள்ளுக்குள் ஒரு பெருமிதம் முட்டிக்கொண்டு எழுந்தது. இந்த மனிதருக்கு நான் மகள், இவர் ராஜாவாக இருந்துவிட்டு வந்த இடத்தைத் தெரிந்தெடுத்தவள் நான் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

மதியம் தாண்டியதும் பெட்டி மூடுவதற்கு முன்பு தோட்டத் தலைவர் பேச எழுந்தார். சங்கத்துக் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். மாயாண்டியின் உழைப்பு, நேர்மை, வேலைநிறுத்தத்தில் பிசகாமல் நின்றது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"நம்ம புள்ளைங்க எத்தனையோ பேரு அந்த மாதிரி ஹோட்டலுக்குப் போயிருக்காங்க. பாத்திரம் கழுவப் போயிருக்காங்க, ரூம் கூட்டப் போயிருக்காங்க. இந்தத் தோட்டத்துலருந்து ஒக்காந்து சாப்புடப் போன மொத ஆளு மாயாண்டி அண்ணன்தான். போனவரு சும்மா வரல. இதுக்கு மேல போகக்கூடாதுன்னு கடல்ல கயிறு கட்டி வச்சிருந்தாங்களாம். அதையும் தாண்டி நீந்திப் போயிருக்காரு. விசில் ஊதித்தான் திருப்பிக் கூப்புட்டிருக்காங்க."

கூட்டம் தலையாட்டியது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து திலக்ஷன் வாயைத் திறந்தான். நானுஓயா ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஊர் ஊராகச் சுற்றிக்காட்டுகிற வேன் அவனுடையது. கெட்டவன் இல்லை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கமுடியாதவன்.

"பாசிக்குடாவுக்கா தலைவரே? அங்க எம்புட்டுத் தூரம் போனாலும் இடுப்பளவு தண்ணிதானே. எங்கிட்டு நீந்துறது?"

இரண்டொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். தலைவர் கஜேந்திரனைத் திரும்பிப் பார்த்தார். கஜேந்திரனின் முகம் சிவந்துபோயிற்று. அக்காவின் காதருகில் குனிந்து, சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறார்கள், உள்ளதைச் சொல்லிவிடுவோம், சாவு வீட்டில் இது வேண்டாம் என்றான். இத்தனை நாளும் அப்பாவுக்குக் கிடைத்திருந்த மரியாதை, பெட்டியை மூடுகிற நேரத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகிப் போகிற கட்டம் அது.

ஜெயந்தினி பதில் சொல்வதற்குள், பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா பவளம் குரலெடுத்தாள்.

"கயித்துக்கு அங்கிட்டுக்
கரகாணாத் தண்ணியில
கைவீசிப் போனீகளே – என் ராசாவே
கரமேல நான் நின்னேனே…"

அந்தக் கரையில் அவர் இறுக்கிப் பிடித்திருந்தது அம்மாவின் கையைத்தான். அம்மா நிமிர்ந்து பார்க்காமல், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அடுத்த அடியையும் பாடினாள். சுற்றியிருந்த பெண்கள் அதைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒப்பாரி ஓய்ந்ததும் எல்லோருடைய கண்ணும் ஜெயந்தினியின் மேல் வந்து நின்றது. கூட இருந்து பார்த்தவள் அவள். படித்தவள். பொய் பேசமாட்டாள் என்று தோட்டத்துக்கே தெரியும்.

"இடுப்பளவு தண்ணி கரை ஓரத்துல, தம்பி" என்றாள் திலக்ஷனைப் பார்த்து. கந்தோரில் அறிக்கை வாசிக்கிற அதே குரல். "கயித்துக்கு அங்கிட்டு ஆழம். அப்பா அதையும் தாண்டி ரொம்பத் தூரம் போயிட்டாரு. தல மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. விசில் ஊதுனாங்க. நானும் கத்திக் கூப்பிட்டேன்."

"வந்துட்டாரா அக்கா?"

"ஒடனே வரல. திரும்பிப் பாத்துக் கையக் காட்டிட்டு, இன்னும் கொஞ்ச தூரம் போனாரு."

திலக்ஷன் தலையைச் சொறிந்துகொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் தான் போய்ப் பார்த்ததில்லை என்று ஒத்துக்கொண்டான். கஜேந்திரன் அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுக்கப் போனான்.

தப்பு மேளம் முழங்கத் தொடங்கியது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைத் தாண்டியதும் பாதை தேயிலை மலைக்குள் இறங்குகிறது. முதலில் தூக்கியவர்களின் தோள் மறைந்தது, பிறகு தலைகளும் மறைந்தன. பச்சைக்கு மேலே பெட்டி மட்டும் தெரிந்தது. பள்ளத்தில் தாழ்ந்தும் மேட்டில் எழும்பியும், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தும், அது தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. அம்மா எழுந்து வந்து ஜெயந்தினியின் பக்கத்தில் நின்றாள். கடைசி வளைவுக்கு அப்பால் அது போகும்வரை இருவரும் வாசலை விட்டு நகரவில்லை.