கிரேசியின் கோபம்

மாத்திரையைக் கரண்டிக் காம்பால் பொடித்துக் கஞ்சியில் கலக்கினாள் பிளாரன்ஸ். வெள்ளைக்குள் வெள்ளை தெரியவில்லை. புருசன் பவுல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கல்லறைத் திருநாளுக்காகக் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டான்.

எழுபத்தொன்றில் கொழும்பை விட்டு வந்தவர்கள். மண்டபம் முகாமில் மகள் கிரேசிக்குக் காய்ச்சல் கண்டபோது, மருந்து வாங்கப் போன பவுல் சாராயக் கடையிலேயே விழுந்து கிடந்தான். அவன் திரும்பியபோது பிள்ளையின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

தூத்துக்குடியில் மூட்டை தூக்கினான், இன்னும் குடித்தான். போன கல்லறைத் திருநாளில், இந்த ஊரில் கல்லறை இல்லாதவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றும், கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவை நிற்கும் குருசடியில் சத்தியம் செய்தான்: “இனி தொட்டா எம் மவளே என்னக் கேக்கட்டும்.”

தர்மாஸ்பத்திரி டாக்டரம்மா அதற்கு முன்பே குடியை நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார். அதைச் சாப்பிடுகிறவன் சாராயம் குடித்தால் உடம்பு எரியும், உயிரே போகலாம், புருசனிடம் சொல்லாமல் கொடுக்காதே என்றார். பிளாரன்ஸ் தலையாட்டினாள். சொன்னால் துப்பிவிடுவான்.

சத்தியம் செய்த சில நாளிலேயே மறுபடி குடித்துவிட்டு வந்தான். முகம் செங்கல்லாகச் சிவக்க, வாசலில் வாந்தியெடுத்துச் சுருண்டான். “ஏளா, கிரேசி நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கா. எறங்கச் சொல்லுளா.”

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். “சத்தியம் பண்ணுனது யாரு?” என்று மட்டும் கேட்டாள்.

குடி நின்றது. அதோடு பேச்சும் நின்றது. மகள் மன்னிக்காதவனுக்கு நன்மை அப்பம் எதற்கென்று பூசையில் கடைசி வரிசையிலேயே நின்றுகொண்டான். “ஒன் மாப்பிள்ளைக்கு மாதா கண்ணத் தொறந்துட்டா. எங்க வீட்டு மாட்டுக்கு எப்பத் தொறப்பாளோ!” என்று பக்கத்து வீட்டு மரியசெல்வி சிரித்தாள்.

செபமாலை மாதமான அக்டோபர் தொடங்கிய அன்று அவனாகவே வாய் திறந்தான். “கல்லறைத் திருநாளைக்கு குருசடியில ஒரு வாய் குடிச்சுப் பாக்கப் போறேன். எரியலன்னா அவ மன்னிச்சிட்டான்னு அர்த்தம். அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் தொட மாட்டேன்.”

நிறுத்தினாலும் பத்துப் பதினைந்து நாள் மருந்து உடம்பில் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நிறுத்த ஒரு மாதம் முழுக்க இருந்தது. தினமும் இன்றோடு போதும் என்று நினைப்பாள். தாடையில் கட்டிய அந்தத் துணி ஞாபகம் வரும். கரண்டியை எடுப்பாள்.

திருநாளன்று குருசடியில் பிளாரன்ஸ் பக்கத்தில் நின்று மெழுகுவர்த்தி ஏற்ற, பவுல் மடியிலிருந்து குப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தான். முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தான். சுற்றிலும் சனங்கள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரித்தான். “ஏளா, ஒண்ணும் செய்யல பாத்தியா…”

அவன் காதுமடல் சிவந்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சமாகவும் இருக்கலாம். பிளாரன்ஸ் கடற்காற்றுக்குத் தன் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டாள்.